எல்லா நாயும் ஓநாயிலிருந்துதான் வந்தது என்றால் இத்தனை இனங்கள் எப்படி வந்தன?

கேள்வி சுருக்கமாக இது: நாய்கள் எல்லாமே ஓநாயிலிருந்து வந்தவை என்கிறார்கள், அப்படியானால் கைக்குள் அடங்கும் சிவாவாவும் பின்னங்காலில் நின்றால் ஆள் உயரத்தைத் தாண்டும் கிரேட் டேனும் ஒரே வம்சமா, குள்ளநரி எதுவும் எங்கேயாவது கலந்திருக்காதா? இருக்கும் இனங்களில் எது மிகப் பழையது? தெருவில் திரியும் நாய்கள் எல்லாம் இந்த இனங்கள் கலந்து கெட்டுப்போனவைதானா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள் இருக்கும் எண்ணம்தான் மற்ற இரண்டையும் குழப்புகிறது. தெருநாய் கலந்து கெட்டுப்போன நாய் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உலகின் பெரும்பகுதியில் நாய் என்றாலே இப்படித்தான் இருந்தது. டாபர்மேன், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று நாம் பெயர் சொல்லும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள், அந்தப் பெரிய கூட்டத்திலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்து, வெளியே இணைசேர விடாமல் வளர்த்து உண்டாக்கப்பட்டவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகவே தெளிவாகும்.

சரி, ஓநாய்க்கு வருவோம். நாய்களுக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பார்த்து சார்லஸ் டார்வினே இவை ஒன்றுக்கு மேற்பட்ட காட்டு விலங்குகளிலிருந்து வந்திருக்கும் என்றுதான் நினைத்தார். பின்னாளில் விலங்கு நடத்தை ஆராய்ச்சியாளர் கொன்ராட் லோரென்ஸ் பல இனங்கள் பொன்னிறக் குள்ளநரியின் வழி வந்தவை என்று எழுதினார், அப்புறம் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓநாய், வட அமெரிக்கக் காட்டு விலங்கான கயோட்டி, பொன்னிறக் குள்ளநரி, நாய் எல்லாவற்றுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 78, ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி போடவும் முடியும், ஆகவே சந்தேகம் வருவது இயல்புதான். டிஎன்ஏ வந்த பிறகு விஷயம் முடிவுக்கு வந்தது: எல்லா நாய்களும் சாம்பல் ஓநாயின் வழித்தோன்றல்கள், சிவாவாவும் சேர்த்து. ஆனால் இதில் ஒரு முக்கியமான திருத்தம் இருக்கிறது, பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். இன்று காட்டில் இருக்கும் ஓநாய்கள் நாயின் மூதாதை கிடையாது. பனியூழியில் வாழ்ந்து அழிந்துபோன ஏதோ ஓர் ஓநாய்க் கூட்டத்திலிருந்து நாய் பிரிந்தது, இன்றைய ஓநாய்கள் அதே பழைய வேரின் இன்னொரு கிளை. அதனால்தான் இன்றைய ஓநாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து நாயை எடைபோடுவது பல நேரம் தப்பாகப் போகிறது.

எப்போது பிரிந்தது என்பதற்கு எலும்பு ஒரு கணக்கு சொல்கிறது, டிஎன்ஏ ஒரு கணக்கு சொல்கிறது. டிஎன்ஏ கணக்குகள் பெரும்பாலும் 20,000 முதல் 40,000 ஆண்டுகளுக்கு முன் என்று ஒரு பெரிய இடைவெளியைக் காட்டுகின்றன, அதுவும் இரண்டு ஓநாய்க் கூட்டங்கள் பிரிந்த காலம்தானே தவிர மனிதனோடு சேர்ந்த காலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெல்ஜியத்தின் கோயே குகையில் கிடைத்த மண்டையோடும், சைபீரியாவின் அல்தாய் மலையில் கிடைத்த மண்டையோடும் 30,000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை, சிலர் அவற்றை ஆதி நாய்கள் என்கிறார்கள், சிலர் கொஞ்சம் வித்தியாசமான ஓநாய்கள் என்கிறார்கள். என்னைக் கேட்டால் அவற்றின் மேல் அதிகம் கட்டிவைக்க வேண்டாம், அவை பிற்கால நாய்களுக்கு நேர் முன்னோர் என்று காட்ட எதுவும் இல்லை.

ஓரளவு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பழைய நாய் ஜெர்மனியின் பான்-ஓபர்காஸல் என்ற இடத்தில் கிடைத்தது. 1914-இல் கல் குவாரித் தொழிலாளர்கள் தோண்டும்போது ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு விலங்கின் எலும்புகள் வெளியே வந்தன. முதலில் அதை ஓநாய் என்று ஒதுக்கிவிட்டார்கள், பல பத்தாண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் நாய் என்று தெரிந்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழையது. அந்த நாய்க்குச் சாகும்போது ஏழு மாதம் கூட ஆகியிருக்காது. பல்லின் எனாமலில் இருக்கும் தழும்புகளைப் பார்த்த ஆய்வாளர்கள் அதற்கு டிஸ்டெம்பர் நோய் வந்திருக்க வேண்டும், பல வாரம் அதோடு போராடியிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். டிஸ்டெம்பர் வந்த குட்டியை வைத்திருந்தவர்களுக்கு அது என்ன பாடு என்று தெரியும். வாந்தி, பேதி, காய்ச்சல், வலிப்பு. யாராவது தண்ணீர் கொடுத்து, உடம்பைச் சூடாக வைத்து, சுத்தம் செய்து பார்க்காமல் அது அத்தனை வாரம் பிழைத்திருக்க வழியே இல்லை. அந்த நிலையில் அந்தக் குட்டியால் வேட்டைக்கும் உதவ முடியாது, காவலுக்கும் உதவ முடியாது, இருந்தும் யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பின்பு மனிதர்களோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். நாய் வந்தது வேலைக்காகத்தான் என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களிடம் நான் இந்த எலும்புகளைத்தான் காட்டுவேன்.

எங்கே பிரிந்தது? ஐரோப்பா, மத்திய ஆசியா, கிழக்காசியா, சைபீரியா என்று ஒவ்வோர் ஆய்வும் ஓரிடத்தைச் சொல்லியிருக்கிறது. 2022-இல் 72 பழங்கால ஓநாய்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஒரு பெரிய ஆய்வு, நாய்கள் மேற்கு யூரேசிய ஓநாய்களைவிடக் கிழக்குப் பக்கத்து ஓநாய்களுக்கே நெருக்கம் என்று கண்டது. ஆனால் மேற்காசியா, ஆப்பிரிக்கப் பக்கத்து நாய்களில் இன்னொரு ஓநாய்க் கூட்டத்தின் பங்கும் இருந்தது. நேர் மூதாதையான ஓநாய்க் கூட்டம் இதுவரை சிக்கவில்லை, ஆகவே ஓர் ஊர்ப் பெயரை அழுத்திச் சொல்கிறவர்களை அப்படியே நம்ப வேண்டாம்.

எப்படி நடந்தது என்பதில்தான் கதைகள் அதிகம். மனிதன் குகையிலிருந்து ஓநாய்க் குட்டியைத் திருடி வந்து வளர்த்தான் என்பது பழைய கதை. ஓநாய்க் குட்டியைப் பழக்க வேண்டுமென்றால் கண் திறக்கும் முன்பே, இரண்டு வாரத்துக்குள் எடுத்து, இரவும் பகலும் கூடவே இருக்க வேண்டும், அப்படி வளர்த்தாலும் வளர்ந்த பிறகு அது நம்பத்தக்க விலங்காக இருக்காது. இதை ஒரு தலைமுறையோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் செய்திருக்க வேண்டும். இன்னொரு கதை, மனிதர் எறிந்த குப்பையைத் தின்ன வந்த ஓநாய்களில் பயம் குறைந்தவை அங்கேயே தங்கி, தாமே பழகிக்கொண்டன என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நாய் தோன்றியபோது விவசாயமும் இல்லை, நிலையான ஊரும் இல்லை, நாடோடி வேட்டைக்காரர்களிடம் குப்பைமேடு எங்கே இருக்கும்? 2021-இல் வந்த ஒரு யோசனை எனக்குக் கொஞ்சம் பொருத்தமாகப் படுகிறது. கடும் பனிக்காலத்தில் கொழுப்பு இல்லாத இறைச்சியை மட்டும் தின்று மனிதனால் வாழ முடியாது, நம் ஈரல் அவ்வளவு புரதத்தைச் சமாளிக்காது, ஓநாயால் முடியும். ஆக, மிஞ்சிய இறைச்சி ஓநாய்க்குப் போனது, இருவருக்கும் இரையில் போட்டி குறைந்தது. ஒரே வழியில்தான் நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. குட்டியை எடுத்து வளர்த்ததும் நடந்திருக்கலாம், முகாமைச் சுற்றி வந்ததும் நடந்திருக்கலாம்.

இங்கே ரஷ்யாவின் நரிப் பரிசோதனையைச் சொல்லாமல் போக முடியாது. 1959-இல் நோவோசிபிர்ஸ்க்கில் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கி, லுத்மிலா த்ருட் பல பத்தாண்டுகள் நடத்தியது. மென்மயிருக்காக வளர்த்த வெள்ளி நரிகளில், மனிதனைக் கண்டு பயப்படாமல் கடிக்காமல் இருக்கும் குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டார்கள். வேறு எதையும் பார்க்கவில்லை. சில தலைமுறைகளிலேயே வாலாட்டி, கையை நக்கும் நரிகள் வந்துவிட்டன, சிலவற்றுக்கு மடிந்த காதும் வெள்ளைத் திட்டும் சுருண்ட வாலும் கூட. குணத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் அது தலைமுறை தலைமுறையாக இறங்கும், அதுவும் மிக வேகமாக, என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் தோற்ற மாற்றம் முழுக்க இந்தப் பரிசோதனையில் உண்டானது என்று சொல்வது சரியில்லை. அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளிலிருந்து வந்தவை, அங்கே ஏற்கெனவே பல பத்தாண்டுகள் வளர்க்கப்பட்டவை, வெள்ளைத் திட்டு அங்கேயே இருந்தது.

நாய்க்கும் ஓநாய்க்கும் உண்மையான வேறுபாடு எங்கே என்று கேட்டால், நான் உடம்பைவிட மனிதனைப் பார்க்கும் பழக்கத்தைத்தான் சொல்வேன். ஒரு சோதனையில், கையால் வளர்த்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் திறக்கவே முடியாதபடி செய்த உணவுப் பெட்டியைக் கொடுத்தார்கள். ஓநாய் விடாமல் முட்டிமோதிக்கொண்டே இருந்தது. நாய் கொஞ்ச நேரம் முயன்றது, பிறகு திரும்பி மனிதனின் முகத்தைப் பார்த்தது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது, வளர்ப்பு ஓநாய்களில் அது நடக்கவில்லை. புருவத்தின் உட்பக்கத்தை மேலே தூக்கிக் கெஞ்சுவதுபோலப் பார்க்கிறதே, அதற்கான தசை நாயில் நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாயில் சரியாக இல்லை. சாப்பாட்டிலும் மாற்றம் உண்டு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதி, நாயில் 4 முதல் 30 வரை. ஆனால் இது விவசாயத்துக்குப் பிறகு வந்த மாற்றம், ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோவுக்கும் பனிப்பிரதேச நாய்கள் பலவற்றுக்கும் பிரதிகள் குறைவு. நாய் விவசாயத்துக்கு மூத்தது, ஆடு மாடு பன்றி எல்லாவற்றுக்கும் மூத்தது.

11,000 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது பனியூழி முடிந்த கையோடு, நாய்களில் குறைந்தது ஐந்து தனித்தனிக் கிளைகள் உருவாகிவிட்டன. 27 பழங்கால நாய்களின் டிஎன்ஏவைப் படித்து 2020-இல் சொன்னது இது. இன்னொன்றும் அதில் தெரிந்தது: நாய் பிரிந்த பிறகு ஓநாயின் ரத்தம் நாய்க்குள் வந்தது மிகக் குறைவு, நாயின் ரத்தம் ஓநாய்க்குள் போனதுதான் அதிகம். வட அமெரிக்காவில் கறுப்பு ஓநாய்களைப் பார்க்கிறோமே, அந்தக் கறுப்பு நாய்களிடமிருந்து போனது. மனிதன் போன இடமெல்லாம் நாயும் போனது. சைபீரியாவுக்கு வடக்கே ழோகோவ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முன்பே சறுக்குவண்டி இழுக்கும் நாய்கள் இருந்தன, இன்றைய கிரீன்லாந்து நாய்களின் வம்சத்தில் அவற்றின் சாயல் இருக்கிறது. டிங்கோவின் முன்னோர் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் கடல் வழியாக ஆஸ்திரேலியா போய், அங்கே மறுபடி காட்டு விலங்காகிவிட்டன.

இதில் மனதை உலுக்கும் கதை அமெரிக்காவின் பழைய நாய்களுடையது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இல்லினாயின் கோஸ்டர் என்ற இடத்தில் நாய்களைத் தனிக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். சைபீரியாவிலிருந்து வந்த அந்த வம்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தக் கண்டங்கள் முழுக்கப் பரவியிருந்தது. ஐரோப்பியர் வந்த பிறகு கிட்டத்தட்ட முழுசாக அழிந்துபோனது. ஷோலோ போன்ற மெக்சிகோ நாய்களில்கூட அதன் பங்கு மிகச் சொற்பம்தான், மிச்சமெல்லாம் பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த நாய்களின் ரத்தம். அந்தப் பழைய நாய்களுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவு ஒரு நாய் கூட இல்லை, ஒரு புற்றுநோய். இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் ஒரு கட்டி உண்டு, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்கள் அந்த நாய் செத்த பிறகும் வேறு வேறு நாய்களின் உடம்பில் ஒட்டி இன்றுவரை உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த முதல் நாயின் டிஎன்ஏதான் அமெரிக்காவின் பழைய நாய்களோடு அதிகம் ஒத்துப்போகிறது.

இப்போது இனங்கள். வேலைக்கு ஏற்ற நாய்கள் எப்போதும் இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. பார்வையால் துரத்தும் ஒல்லியான நெடுங்கால் வேட்டைநாய்கள் எகிப்தின் பழைய ஓவியங்களிலேயே இருக்கின்றன, மந்தை காக்கும் பெரிய நாய்களும் மடியில் வைத்துக் கொஞ்சும் சின்ன நாய்களும் ரோமர் காலத்திலும் இருந்தன. ஆனால் அப்போது நன்றாக வேட்டையாடும் நாயை நன்றாக வேட்டையாடும் இன்னொன்றோடு சேர்த்தார்கள், நிறம் என்ன, காது எப்படி என்று பார்த்து ஒதுக்கவில்லை. வேலை தெரிந்த நாய் எங்கிருந்து வந்தாலும் உள்ளே வரலாம்.

கதவு மூடியது 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில். 1859-இல் நியூகாசில் நகரில் முதல் நவீன நாய்க் கண்காட்சி நடந்தது, பாயின்டர், செட்டர் இரண்டு வகை மட்டும். 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம் தொடங்கியது, அமெரிக்காவில் 1884-இல். வம்சாவளிப் பதிவேடு வந்தது, ஒவ்வோர் இனத்துக்கும் உயரம், நிறம், தலையின் வடிவம் என்று தர விதி எழுதப்பட்டது, பதிவேட்டில் பெயர் உள்ள தாய் தகப்பனுக்குப் பிறந்தால்தான் அந்த இனம் என்றானது. பிறகு தோற்றத்துக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். நாயின் சரித்திரத்தில் முதல் முறையாக, அது என்ன செய்யும் என்பதைவிட எப்படி இருக்கிறது என்பது முக்கியமாகிவிட்டது.

அதனால்தான் பல இனங்களுக்கு ஆண்டும் ஆளும் சொல்ல முடிகிறது. கோல்டன் ரிட்ரீவர் 1868-இல் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு தன் மஞ்சள் நிற ரிட்ரீவரை ஒரு ட்வீட் நீர் ஸ்பேனியலோடு சேர்த்ததில் தொடங்கியது. ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்தது என்று நீண்ட காலம் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய பண்ணைப் பதிவேடு வெளிவந்ததும் அது அடங்கியது. ஜெர்மன் ஷெப்பர்டை 1899-இல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஹோராண்ட் என்ற ஒரே ஒரு ஆண் நாயை அடித்தளமாக வைத்துத் தொடங்கினார். டாபர்மேன், அபோல்டா நகரின் வரி வசூலிப்பாளர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் லூயிஸ் டோபர்மான் உருவாக்கியது. லாப்ரடார் நாயின் மூதாதைகள் கனடாவின் லாப்ரடார் வட்டாரத்திலிருந்து வரவில்லை, நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களிடம் இருந்த செயின்ட் ஜான்ஸ் வாட்டர் டாக் என்ற நாய்களிலிருந்து வந்தன.

"மிகப் பழைய இனம்" என்று விளம்பரப்படுத்தப்படுவதில் பாதி வெறும் கதை. ஃபாரோ ஹவுண்டின் பெயரும் நிமிர்ந்த காதும் எகிப்தை நினைவூட்டும், ஆனால் அது மால்டாவில் முயல் பிடிக்கும் நாய், மரபணுவில் மற்ற நவீன ஐரோப்பிய இனங்களோடு போய்ச் சேர்கிறது. ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் 19-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது, கேப்டன் ஜார்ஜ் கிரஹாம் மிச்சமிருந்த சிலவற்றோடு ஸ்காட்டிஷ் டீர்ஹவுண்ட், கிரேட் டேன் எல்லாம் சேர்த்து மறுபடி கட்டியெழுப்பியதுதான் இன்றைக்கு இருப்பது. பசெஞ்சி, அகிதா, சௌ சௌ, சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், சலூகி, ஆப்கன் ஹவுண்ட் போன்ற சில இனங்கள் மரபணு மரத்தில் அடிப்பக்கத்தில் பிரிகின்றன என்பது உண்மை. ஆனால் காரணம் அவை மற்றவற்றைவிட மூத்தவை என்பது இல்லை. விக்டோரியா காலத்து ஐரோப்பாவில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துக் கலக்கிக்கொண்டிருந்தபோது அவை எட்டத்தில் இருந்தன, அவ்வளவுதான். அதிலும் பசெஞ்சியைத்தான் நான் ஒரு படி மேலே வைப்பேன். காங்கோ பக்கத்திலிருந்து 1930களில் வெளியே போனது, குரைப்பதற்குப் பதில் ஒரு விதமாக ஊளை கலந்து பாடும், பெண் நாய்க்கு ஓநாயைப்போல, டிங்கோவைப்போல, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான் பருவம் வரும். மேல்நாட்டு பசெஞ்சிகள் மிகச் சில நாய்களிலிருந்து பெருகியதால் நோய் கூடியது, 1980களில் மறுபடி ஆப்பிரிக்கா போய்ப் புதிய நாய்களைக் கொண்டுவந்து பதிவேட்டைத் திறந்துவிட்டார்கள். எல்லா கிளப்புகளும் இதைப் பார்த்துக் கற்றிருந்தால் எவ்வளவோ நாய்கள் நன்றாக இருந்திருக்கும்.

இவ்வளவு குறுகிய காலத்தில் சிவாவாவும் கிரேட் டேனும் எப்படி? மனிதனின் உயரத்தைச் சுமார் 12,000 மரபணு மாற்றங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் துளித்துளி. நாயில் அப்படி இல்லை, இருபது சொச்சம் மரபணுக்கள் உருவ அளவின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகின்றன. அதில் முதன்மையானது ஐஜிஎஃப்-1, வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனுக்கானது. சின்ன நாய்களில் இருக்கும் அதன் வடிவம் மனிதன் வளர்த்த காலத்தில் தோன்றியது என்று வெகுகாலம் நினைத்தார்கள், ஆனால் 54,000 ஆண்டுகள் பழைய சைபீரிய ஓநாய் ஒன்றிலேயே அது இருந்தது 2022-இல் தெரியவந்தது. ஓநாய்க்குள்ளேயே சின்ன நாய் ஒளிந்திருந்தது, மனிதன் அதைத் தேடி எடுத்துப் பெருக்கினான். டாக்ஸ்ஹுண்ட், கோர்கி, பாசெட் போன்றவற்றின் குட்டைக் காலுக்கு எஃப்ஜிஎஃப்-4 என்ற ஒரே மரபணு தவறாக இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டது காரணம். மயிர் நீளமா, சுருளா, முகத்தில் தாடி மீசை மாதிரி வருமா என்பதெல்லாம் பெரும்பாலான இனங்களில் மூன்றே மரபணுக்களின் சேர்க்கை. ஒரு மரபணுவைப் பிடித்து இழுத்தால் உருவமே மாறிவிடும் என்பதால்தான் நூறு ஆண்டுகளில் இத்தனை வடிவங்கள் சாத்தியமாயின.

அப்படி இழுக்கும்போது வேறு சிலவும் கூடவே வரும். முடியில்லாத இனங்களில் முடியை இல்லாமல் செய்யும் அதே மரபணு பற்களையும் குறைக்கிறது. எஃப்ஜிஎஃப்-4 இன் இன்னொரு கூடுதல் பிரதி முதுகுத்தண்டின் வட்டுகளைச் சின்ன வயதிலேயே கெடுக்கிறது, டாக்ஸ்ஹுண்ட் திடீரென்று பின்னங்கால் செயலிழந்து விழுவது அதனால்தான். பளிங்கு போலத் திட்டுத்திட்டாக நிறம் உள்ள மெர்ல் நாய்கள் இரண்டைச் சேர்த்தால், இரு பக்கமும் அந்த மரபணு வந்த குட்டிகள் செவிடாகவோ குருடாகவோ பிறக்கும் வாய்ப்பு அதிகம். பத்திரமாகத் தவிர்க்கக்கூடிய இந்தக் கொடுமை இன்னும் நடக்கிறது, தெரிந்தே செய்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது. புல்டாக், ஃப்ரெஞ்ச் புல்டாக் இரண்டிலும் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பிரசவம் அறுவை சிகிச்சையில்தான் என்று பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கு காட்டியது, குட்டியின் தலை தாயின் இடுப்பெலும்புக்குப் பெரியது. பக், புல்டாக் தூங்கும்போது குறட்டை விடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம், மூச்சுக்குழலுக்கு முன்னால் இடமில்லாமல் திணறும் சத்தம் அது. மண்டை சுருங்கியது, உள்ளே இருக்கும் மெல்லிய அண்ணமும் நாக்கும் அதே அளவு சுருங்கவில்லை. வெயிலில் நாய் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி மூச்சிரைப்புதான், அதுவே அடைபட்டால் சாதாரண நடைகூட ஆபத்தாகிவிடும். நார்வேயில் கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலை அந்த இனத்துக்குள்ளேயே சேர்த்துக் குட்டி எடுப்பது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த இனத்தில் இதய வால்வு நோயும் மண்டைக்குள் மூளைக்கு இடம் போதாத பிரச்சினையும் அவ்வளவு பரவலாக இருக்கின்றன.

இனத்துக்கு இனம் நோய் வேறாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது மூடிய பதிவேடுதான். 227 இனங்களை மரபணு அளவில் பார்த்த ஒரு 2021 ஆய்வில் உள்ளினச்சேர்க்கை அளவு சராசரியாக 25 சதவீதத்தை ஒட்டி இருந்தது, கூடப் பிறந்த இரண்டு நாய்களைச் சேர்த்துப் பிறந்த குட்டிக்கு வரும் அளவு அது. டால்மேஷியன் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த இனத்தில் எல்லா நாய்க்கும் யூரிக் அமிலத்தை உடைக்கும் வழியில் குறை இருந்தது, அதனால் சிறுநீரில் கல் வரக்கூடும். இனத்துக்குள்ளேயே எவ்வளவு தேடியிருந்தாலும் நல்ல மரபணு கிடைத்திருக்காது, ஏனென்றால் எதிலும் இல்லை. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயின்டரோடு சேர்த்து, அப்புறம் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்தார். சில தலைமுறைகளில் பார்வைக்கு முழு டால்மேஷியன், நோய் இல்லை. அமெரிக்க கென்னல் கிளப் அந்த நாய்களைப் பதிவேட்டில் ஏற்க 2011 வரை ஆயிற்று. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள், ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

குணம்? இனத்தைச் சொன்னால் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. தனித்தனி நாய்களுக்கு இடையே நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது. பார்டர் கோலி சொன்னதை எளிதில் புரிந்துகொண்டு செய்யும், மந்தை வளைக்கும் ஆர்வம் அதற்கு அதிகம் என்பதெல்லாம் சராசரியில் உண்மைதான், வேலைக்காகப் பல தலைமுறை தேர்ந்தெடுத்ததன் பலன் அது. ஆனால் உங்கள் முன் நிற்கும் ஒரு குறிப்பிட்ட நாய் கோபக்காரனா, சாதுவா என்பதை இனப் பெயர் சொல்லாது. அதன் தாயின் குணம், மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை அது யாரையெல்லாம் எதையெல்லாம் பார்த்து வளர்ந்தது, அடித்து வளர்த்தார்களா, இதெல்லாம் சொல்லும்.

இனி தெருநாய்க்கு. உலகில் இருக்கும் நாய்கள் 70 கோடியிலிருந்து 100 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள், அதில் பெரும்பாலானவை யாரும் ஜோடி சேர்க்காமல் தாமே இணைதேடிப் பெருகுபவை. 2015-இல் 38 நாடுகளிலிருந்து 549 தெரு, கிராமத்து நாய்களின் டிஎன்ஏவை 161 இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மரபணு வளம் இந்த நாய்களில்தான் அதிகம். ஐரோப்பியக் குடியேற்றம் அதிகம் நடந்த இடங்களில் இனநாய்களின் ரத்தம் நிறையக் கலந்திருந்தது, ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் அவை அந்தந்த வட்டாரத்தின் பழைய நாய்கள்தான், எந்த இனமும் கலந்து உண்டானவை இல்லை. கடைகளில் கிடைக்கும் டிஎன்ஏ சோதனையில் இப்படிப்பட்ட நாயின் எச்சிலைக் கொடுத்தால் சில நேரம் சௌ சௌ, ஷெப்பர்ட், இன்னும் என்னென்னவோ என்று பட்டியல் வரும். நாயின் முன்னோரில் அந்த இனங்கள் இருந்தன என்று அதற்கு அர்த்தமில்லை, சோதனையின் தகவல் தொகுப்பில் இருக்கும் இனங்களில் கிட்டத்தில் வருவதை அது எடுத்துச் சொல்கிறது. நடுத்தர உயரம், குட்டை மயிர், மேல்நோக்கி வளைந்த வால், மண் நிறம் என்று உலகின் பல மூலைகளில் இவை ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணமும் எளிது, மனிதன் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்ட இடத்தில் பிழைக்கத் தகுந்த உடம்பு இது.

நாய் வாங்க நினைத்து இதைக் கேட்டிருந்தால் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். இரண்டு இனங்களைச் சேர்த்த "டூடுல்" வகைகள் ஒவ்வாமை தராது என்று விற்கிறார்கள், அந்த வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை. 1989-இல் வழிகாட்டி நாய்க்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்து லாப்ரடூடிலை உருவாக்கிப் பிரபலமாக்கிய ஆஸ்திரேலியரான வாலி கான்ரனே, பணத்துக்காகக் கண்டபடி குட்டி எடுப்பதைப் பார்த்து, அதைத் தொடங்கியதற்கு வருந்துவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். இனநாய்தான் வேண்டும் என்றால் வம்சாவளிச் சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள், அது தாய் தகப்பன் யார் என்று சொல்லும், ஆரோக்கியமா என்று சொல்லாது. இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, இதயம், கண் பரிசோதனை, அந்த இனத்துக்கே உரிய மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், தாயை நேரில் பாருங்கள், முன்பு போட்ட குட்டிகள் எத்தனை வயது வரை இருந்தன என்று விசாரியுங்கள், இதைக் கேட்டதும் விற்பவர் எரிச்சல்பட்டால் அங்கே வாங்க வேண்டாம். மூக்கு அமுங்கிய இனங்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. தெருவிலிருந்து எடுத்து வளர்க்க நினைத்தால் தடுப்பூசியும் குடல்புழு மருந்தும் கருத்தடையும் போதும், மற்றபடி இனநாய்க்குக் கொடுக்கும் அதே பயிற்சி, அதே பொறுமை. வளர்ந்த நாயாக இருந்தால் புது இடத்துக்குப் பழகச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம், அதுவரை அவசரப்படுத்தாமல் விட்டுவிடுங்கள்.